சிவப்பு அம்பு ஒட்டாத பக்கம்

“…அப்ப இது ஒண்ணு மட்டும் என் கண்ணுல படல, அப்டித்தானே?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர். நான் வெள்ளை பூசிக் காயவைத்த தாள் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். ஆனால் அவர் பார்த்தது தாளை இல்லை, என்னை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்கு ஏன் அவ்வளவு கஷ்டம் என்பது புரிய வேண்டுமானால், அந்த வாரம் எங்கள் வீடு இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிறவர். தோல் பதனிடும் டேனரியில் பினிஷிங் முடிந்து வரும் தோலை மேசையில் விரித்து, இது ஒன்றாம் ரகம், இது இரண்டாம் ரகம், இது தள்ளுபடி என்று அடுக்குவது அவர் வேலை. குறை இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். உண்ணி கடித்த தழும்போ, முள் கிழித்த கோடோ, அம்பு அதைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஷூ கம்பெனியில் வெட்டுகிறவர் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வெட்டிக்கொள்வார். என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் வெளியே போவார், அந்த ஸ்டிக்கர் சுருள் இல்லாமல் போகமாட்டார்.

அப்படிப்பட்டவர் ‘சரி’ என்று அனுப்பிய வெள்ளைத் தோல் ஒரு கட்டு அப்படியே திரும்பி வந்தது. மெல்லிய கீறல்கள், ஒன்றில்கூட அம்பு இல்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய பேஜார். “ஆர்டர் கம்மியா இருக்குது, கூப்ட்டு அனுப்பறோம்” என்றார்கள். வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்பது ஒரு பேச்சுக்கு. ஃபிரிட்ஜைத் திறப்பார், ஒன்றும் எடுக்காமல் மூடுவார். டீ குடிக்கப் போவார், டீ ஆறுவதற்குள் வந்து நிற்பார். ஃபேனை ஏன் இவ்வளவு வேகமாக வைத்திருக்கிறாய் என்று குறைப்பார், புழுக்கமாக இருக்கிறது என்று கூட்டுவார். கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தார். பேப்பரில் பொடி எழுத்தெல்லாம் தெரிந்தது. “எழுத்து தெரியுதும்மா. வெள்ளை மேல வெள்ளை தெரியல” என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. முன்பு இவருக்கு மேலே சூப்பர்வைசராக இருந்தவர் இப்போது ஆப்பிரிக்காவில் ஒரு டேனரியைப் பார்த்துக்கொள்கிறார். ஸ்பீக்கரில் அவர் குரல் எங்கள் கூடம் முழுக்கக் கேட்டது. “இங்க செலக்‌ஷனுக்கு ஆளே இல்லப்பா. உன்ன மாதிரி கண்ணு இருக்கறவன் வேணும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வர்றேன்னோ வரலன்னோ சொல்லிடு.”

“யோசிச்சு சொல்றேண்ணே” என்று வைத்துவிட்டார். கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை.

போனால் வீட்டுக்கு நல்லது. போகாவிட்டால் இங்கே எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. ஆனால் சொல்லாமல் போய், கடல் தாண்டி ஒரு வெள்ளைத் தோல் கட்டு திரும்பி வந்தால் அந்த மனுஷன் என்ன ஆவார்? டேனரிக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: “ஓட்டைய பெயிண்ட் மூடும், ஊசி காட்டிக் குடுத்துடும்.” இவர்தான் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர். இவரிடமே அதை எப்படித் திருப்பிச் சொல்வது?

எனக்கும் உட்கார முடியவில்லை. என் கைக்குத் தெரிந்த ஒரே வழி என் நோட்டு. நான் முன்பு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தேன். முதுகு வலியோடு அதை விட்ட பிறகு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆர்ட் ஜர்னல் செய்யப் பழகிக்கொண்டேன். வர்ணம், கிழித்த காகிதம், நூல், துணி, நாலு வரி எழுத்து என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் பக்கம் பக்கமாகச் செய்கிற நோட்டு அது. அதில் முதல் வேலை பின்னணி போடுவது. வீடியோவில் வரும் சாமான்களுக்கு நான் எங்கே போவேன்? பஜாரில் வாங்கின சுவர் பிரைமரில் சாக்பீஸ் தூள் கலந்தால் அடிப்பூச்சு. டீ டிகாஷனில் முக்கினால் பழுப்பு. மஞ்சள் தண்ணீர் பூசி, ஈரத்தோடு சுண்ணாம்பைத் தொட்டுவைத்தால் குங்குமச் சிவப்பு பூத்துக்கொண்டு வரும். ஷூ ஒட்டுகிற சொல்யூஷனைச் சொட்டு சொட்டாக வைத்து, காய்ந்ததும் மேலே வர்ணம் அடித்து, பிறகு கட்டைவிரலால் உருட்டி எடுத்தால் அந்த இடமெல்லாம் அடித்தாள் வெள்ளையாக முழித்துப் பார்க்கும். எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

அந்த வாரம் சந்தோஷத்துக்குச் செய்யவில்லை. ஒன்று காய்வதற்குள் அடுத்ததை எடுத்தேன். கொடியில், கட்டிலில், கேஸ் சிலிண்டர் மேல் என்று எங்கும் தாள். அவர் நடக்கிற வழியில் நான் தாளை விரிப்பேன், நான் விரிக்கிற இடத்தில் அவர் நடப்பார்.

பக்கத்து பாய் வீட்டு அக்கா வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தார். “இன்னா, நாலு நாளா பேக்ரவுண்டாவே போட்டுனு இருக்கே? மேல ஒரு பூ, ஒரு குருவி ஒண்ணும் காணோமே. வாசல் தெளிச்சிக்கினே இருந்தா கோலம் எப்போ போடுவே?”

“காயட்டும்க்கா.”

“காயறது எது, தாளா நீயா?” என்றார். என் வீட்டுக்காரர் சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பதைக் கண்ணாலேயே காட்டி, “அதையும் ஒரு கிளிப்பு போட்டு கொடில மாட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை அதே அக்கா, புதுப் பாத்திரம் சுற்றி வந்த குமிழ்ப் பிளாஸ்டிக்கை எனக்காக எடுத்து வைத்திருப்பதாகக் கூப்பிட்டார். அதில் வர்ணம் தடவி ஒற்றினால் தேன்கூடு மாதிரி அச்சு விழும். வாங்கிக்கொண்டு, பேச்சு வளர்ந்து, பதினொன்று தாண்டித்தான் திரும்பினேன்.

கூடத்தில் ஒரு தாள்கூட இல்லை. கொடி காலி. கட்டிலின் மேல் மூன்று அடுக்கு. ஒவ்வொன்றும் ஓரம் பிசகாமல் தட்டி வைத்திருந்தது. ஓர் அடுக்கின் மேலே இருந்த தாளில் மூன்று சிவப்பு அம்பு.

“இன்னாங்க இது?”

“தரம் பிரிச்சிருக்கேன்” என்றார், ஏதோ நான் சொல்லிவைத்துவிட்டுப் போன மாதிரி. “இது ஃபர்ஸ்ட். இது செகண்டு. அது ரிஜெக்ட். ரிஜெக்டுதான் ஜாஸ்தி. கறை, சுருக்கம், ஓரமெல்லாம் கிழிசல். இப்டியா சரக்கு எடுக்கறது?”

“அந்தக் கறைக்காகத்தாங்க நான் ராத்திரியெல்லாம் டீத்தூள் ஊற வெச்சேன்!”

“கறைய காசு குடுத்து வேற போடுவாங்களா?”

“இது தோலாங்க? அம்பு ஒட்டறதுக்கு?”

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வர்ணத்தோடு பிய்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து அம்புகளை உரிக்க ஆரம்பித்தேன். கருநீலத் தாள் ஒன்றில் நட்டநடுவில் ஒரு அம்பு. அங்கே என்ன குறை? எனக்கே ஒன்றும் தெரியவில்லை. விரலை வைத்துத் தடவினேன். அப்புறம்தான் நினைவு வந்தது. அந்தத் தாள் ஆரம்பத்திலேயே கிழிந்துபோய், பின்னால் பட்டை ஒட்டி, மேலே பிரைமரும் அதற்கு மேல் இரண்டு பூச்சும் கொடுத்து மறைத்தது. போட்ட எனக்கே மறந்துபோன கிழிசல்.

“இத எப்டிங்க கண்டுபிடிச்சீங்க?”

“கருப்பு, நீலமெல்லாம் கையால பாத்தேன்” என்றார். புறங்கையை லேசாகத் தாள் மேல் ஓட்டிக் காட்டினார். “வெள்ளைங்கள மட்டும் வேணும்னே கண்ணால பாத்தேன். தொடவே இல்ல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பக்கங்களை அவர் தரம் பிரிக்கவில்லை. மத்தியானம் போன் செய்வதற்கு முன்னால் தன் கண்ணை மேசையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“பாரு. எதனா உட்டுட்டேனான்னு பாத்து சொல்லு.” சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் காலையிலிருந்து முதல் தடவையாக ஒரே இடத்தில் நின்று கேட்டார்.

ஒன்றாம் ரகம் என்று வைத்திருந்த அடுக்கை எடுத்தேன். மேலேயே இருந்தது அந்த வெள்ளைத் தாள். பூச்சு ஈரமாக இருந்தபோது, மை தீர்ந்த பேனாவால் மேலிருந்து கீழே சாய்வு சாய்வாகக் கோடு இழுத்திருந்தேன், மழை மாதிரி. ஓரத்தில் இல்லை, மூலையில் இல்லை, பக்கம் முழுக்க மழை. ஜன்னல் பக்கம் திருப்பினால் எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. அதில் ஒரு அம்புகூட இல்லை. ஒன்றாம் ரகத்திலும் அதுதான் முதல்.

“எல்லாம் சரியாத்தாங்க இருக்குது” என்று சொல்லிவிடலாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போன் செய்வார். பெட்டி கட்டலாம். இல்லை, அந்தத் தாளைச் சும்மா அடுக்கின் அடியில் தள்ளிவிடலாம், அவருக்குத் தெரியவே போவதில்லை. அந்த நினைப்பு வந்ததும்தான் பயந்துபோனேன். அவருக்குத் தெரியாது என்று நானே கணக்கு வைத்துக்கொண்டால், நாளைக்கு யார்தான் வைக்கமாட்டார்கள்?

தெரு முனைப் பள்ளிவாசலில் ஜும்மாத் தொழுகைக்கான மத்தியானப் பாங்கு ஆரம்பித்தது. தாளைத் தனியாக எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“இதுல கோடு இருக்குதுங்க. நான் போட்டதுதான். பக்கம் முழுக்க.”

ஜன்னலுக்குக் கொண்டுபோனார். சாய்த்தார், நிமிர்த்தினார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். அப்புறம்தான் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார், இது ஒண்ணு மட்டும் என் கண்ணுல படல, அப்டித்தானே என்று.

“ஆமாங்க” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு புறங்கையைத் தாளில் வைத்தார். மேலிருந்து கீழே, சாய்வாக, நான் இழுத்த அதே வாட்டத்தில் கை இறங்கியது. ஒரு அம்பை உரித்துப் பக்கத்தின் மேல் கொண்டுபோனார், எங்கே ஒட்டுவது என்று தெரியாதவர் மாதிரி நிறுத்தினார், திரும்பச் சுருளிலேயே ஒட்டிவிட்டார். போனை எடுத்தார். விரலில் என் பசை காய்ந்திருந்ததால் தொட்ட எண் எதுவும் விழவில்லை. லுங்கியில் விரலை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்ததும், நின்ற இடத்தை விட்டு நகராமல் சொன்னார்:

“அண்ணே, என் கண்ணப் பத்தி ஒண்ணு சொல்லணும். அதக் கேட்டுட்டு, நான் வரட்டுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க.”