ஆல்பர்ட் சாரின் பேட்டரி மூடி

கோயம்புத்தூரில், பிளாஸ்டிக் அச்சு செய்பவரின் பட்டறையில் நின்றுகொண்டு அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பேட்டரி மூடி. "இதுக்கு மேல மெலிசாக்க முடியாதுங்க, ஒடஞ்சு போயிரும்" என்று அவர் பிடித்த பிடியில் நின்றார். அப்போது போன் அடித்தது. திரையில் ஆல்பர்ட் சாரின் பெயர். காலையிலிருந்தே அவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "சொல்லுங்க சார், இன்னும் என்ன?" என்று எரிந்து விழுந்தேன். பேசியது அவருடைய மனைவி மேரி அக்கா. "அவரு போயிட்டாரும்மா" என்றார். காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லையாம். அச்சுக்காரர் இன்னும் மூடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

குன்னூரில் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஆலயத்தில் மைக் கரகரத்தால் முதல் ஆளாக எழுந்து போகிறவர். பக்கத்து வெலிங்டன் ராணுவ முகாமில் வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, நான் உற்பத்தியைக் கவனித்துக்கொள்ளும் சிறிய கம்பெனியில் வந்து சேர்ந்தார். நாங்கள் செய்வது சோப்புப் பெட்டி அளவில் ஓர் அலாரம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்வது. காட்டெருமையோ சிறுத்தையோ எதிரே வந்துவிட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். காது கிழிகிற மாதிரி அலறும், பக்கத்தில் இருப்பவர்கள் ஓடி வருவார்கள். உள்ளே இருக்கிற மின்சுற்றை அவர் சீக்கிரமே முடித்துவிட்டார். பேட்டரி மூடிதான் எங்கள் எல்லோருடைய உயிரையும் வாங்கியது.

அவர் எதையும் கீழே போட்டுப் பார்ப்பார். பயத்தில் கை நடுங்கும்போது பெட்டி கீழே விழும், விழுந்தால் மூடி தெறித்துப் பேட்டரி வெளியே ஓடக் கூடாது என்பது அவர் கணக்கு. வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட விடவில்லை. "எங்க ஊட்டுல ஒரு சாமானும் மூடியோட இல்ல" என்று மேரி அக்கா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "ரப்பர் பேண்டு போட்ட ரிமோட்ட எங்க பாத்தாலும் எனக்கு வெக்கமா இருக்குது அம்மிணி. அந்த மூடியச் செஞ்சவன் ஒரு நாளாச்சும் அதக் கீழ போட்டுப் பாத்திருக்கோணும்" என்றார். நல்ல மனநிலையில் இருந்தால் நான் அம்மிணி. கோபம் வந்தால் மேடம். பெரும்பாலும் மேடம்தான்.

முதல் பெட்டிகள் ஒரு தோட்டத்துக்குப் போயின. சில நாட்களில் அங்கிருந்து கூப்பிட்டார்கள். செல்வராணி என்கிற தொழிலாளிக்கு எதிரே காட்டெருமை வந்திருக்கிறது. அவர் பொத்தானை அமுக்கியிருக்கிறார், சத்தமே வரவில்லை. ஓடியதில் விழுந்து கை முறிந்துவிட்டது. மூடி எப்போதோ கழன்று, பேட்டரி செடிகளுக்கு நடுவில் எங்கேயோ விழுந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். "தேவப்படுறப்ப கத்தாத பொட்டிய எதுக்குங்க இடுப்புல கட்டச் சொன்னீங்க?" என்று கேட்டார். நான் எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். ஆல்பர்ட் சார் என்னைத் தடுத்து, "அவங்க கேக்கறது சரிதானுங்க மேடம்" என்றார்.

மறுநாளே அந்தத் தோட்டத்துக்குப் போனோம். கொழுந்து பறிக்கிறவர்கள் சுற்றிக்கொள்ளும் தடித்த படங்குத் துணியை இவரும் இடுப்பில் சுற்றி, பெட்டியைக் கட்டிக்கொண்டு செடிகளுக்குள் இறங்கினார். "சாரு, கூடையையும் மாட்டிக்கங்க, இன்னிக்கு வேலைக்கு வந்ததாப் பேரு போட்டுருவோம்" என்று ஒரு பெண் கேலி செய்தார். கொஞ்ச தூரம் போவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. தேயிலைக் கிளைகள் இடுப்பு உயரத்தில் கம்பி மாதிரி நிற்கும். ஆள் முன்னால் போகப் போக, கிளை மூடியை அழுத்திப் பின்பக்கமாக இழுத்தது. ரிமோட் மூடியைத் திறக்க நம் கட்டைவிரல் செய்வதும் அதையேதான். சிமெண்டுத் தரையில் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்த நாங்கள், ஒரு செடியில் உரசிப் பார்க்கவில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது தோன்றாமல் போனதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மூடி முன்பக்கமாகத் திறக்கும்படி ஆல்பர்ட் சார் மாற்றினார். ஒரு பக்க இடுப்பில் கட்டியவர்களுக்கு நின்றது, மறுபக்கம் கட்டியவர்களுக்குத் திசை மாறித் திறந்துகொண்டது. மேல்நோக்கித் திறக்கும்படி செய்தார். ஏற்றத்தில் ஒன்றும் ஆகவில்லை, சரிவில் இறங்கும்போது கிளை கீழிருந்து தள்ளித் திறந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் கோயம்புத்தூருக்குப் போய் அச்சுக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவேன். ஒருநாள் பொறுமை போய், "ஒரு ஸ்க்ரூவப் போட்டு முடிச்சுத் தொலைங்களேன் சார்" என்று கத்திவிட்டேன். "மழையில, மலை மேல பேட்டரி தீந்துபோனா ஸ்க்ரூ டிரைவருக்கு எங்கீங்க மேடம் போவாங்க? தொறக்கோணும், ஆனாத் தானாத் தொறக்கக் கூடாது. இவ்வளவுதான நான் கேக்கறது?" என்று அவரும் கத்தினார். அன்று மதியம் இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

பிறகு ஒருநாள் காலையில் சிரித்த முகத்தோடு வந்தார். தீப்பெட்டி ஒன்றை இரண்டு விரல்களால் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். "செடிக்கு ஒரு வெரல்தான் அம்மிணி. நமக்கு ரெண்டு இருக்குது" என்றார். மூடியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொக்கி. இரண்டையும் ஒரே சமயத்தில் கிள்ளுகிற மாதிரி அமுக்கினால்தான் திறக்கும். எந்தக் கிளையாலும் அது முடியாது. திறந்தாலும் மூடி தனியாகக் கழன்று விழாமல் ஒரு சின்னப் பட்டையில் தொங்கும். எல்லோரும் கைதட்டினோம். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அத்தோடு விட்டிருந்தால் அவர் ஆல்பர்ட் சார் இல்லையே. பனிக்காலம் வந்ததும் ஐஸ் தண்ணீரில் எங்கள் கைகளை முக்கச் சொல்லி, மூடியைத் திறக்கச் சொன்னார். ஒருவராலும் முடியவில்லை. "வெரச்ச கையில தொறக்கலைன்னா எனக்கு இது வேண்டாமுங்க" என்று அதையும் தள்ளிவிட்டார். கொக்கியின் தண்டை இன்னும் மெலிதாக்கச் சொல்லித்தான் நான் அன்றைக்கு அந்தப் பட்டறையில் நின்றிருந்தேன்.

அடக்கத்தன்று தூறல் விடவே இல்லை. எங்கள் முதலாளி ஆலயத்தில் எழுந்து உருக்கமாகப் பேசினார். "சின்ன விஷயத்தைக்கூட விடமாட்டார். அப்படி ஒருவர் இனிக் கிடைக்கமாட்டார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டவர்களும் அழுதார்கள், நானும் அழுதேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் அதே முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, அந்த மூடி விசயத்த முடிச்சுரலாமுங்களா? பழைய மூடியவே போட்டு, மேல டேப்பு ஒட்டிக் குடுத்துருங்க. தோட்டத்துக்காரங்க பெரிய மழைக்கு முன்னால கேக்கறாங்க."

"டேப்பு மழையில நிக்காதுங்க."

"அதெல்லாம் நிக்கும். ஆல்பர்ட்டே போயிட்டாரு, இனி யாருங்க இந்த மூடியப் பத்திக் கேக்கப் போறாங்க?"

"நான் கேக்கறேனுங்க" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு ஒன்றும் சுலபமாக இல்லை. பழைய மூடி போட்ட பெட்டிகள் அனுப்பத் தயாராக அடுக்கியிருக்கின்றன. அனுப்ப வேண்டியவள் நான், அனுப்பவில்லை. முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அச்சுக்காரர் போனை எடுப்பதில்லை. ஆல்பர்ட் சாரை நினைத்தால் அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. இன்னும் ஒரு மாதம் இருந்து இதை முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா மனிதர்? அவருடைய கருவிகளை மேரி அக்கா எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். எதிலும் லேசில் திருப்தி அடையாத அந்தக் குணம் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது, அதை வைத்துக்கொண்டே நான் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் கடைவீதியில் செல்வராணியைப் பார்த்தேன். கை கூடி, மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். பெட்டி இல்லாமல்தான் போகிறார். புது மூடியைப் பற்றிச் சொன்னேன். "அந்த சாரு வந்து சரின்னு சொல்லட்டுங்க, கட்டிக்கிறேன்" என்றார். அவருக்குச் செய்தி தெரிந்திருக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அப்ப நீங்க சொல்லுங்க. நீங்க சரின்னா கட்டிக்கிறேன்" என்றார்.

நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.