ரிலீவர் வரவில்லை

எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு வீடியோ கேமின் இரண்டாம் பாகத்துக்காக ஏழு வருடமாகக் காத்திருக்கிறேன். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் வட்டத்திலேயே, பிடித்த நடிகரின் படம் தள்ளிப்போனதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த ஐம்பது வயது ஆளை எனக்குத் தெரியும். அவரை யாரும் "எப்பதான் வளரப்போறே?" என்று கேட்கவில்லை. என்னை மட்டும் எல்லாரும் கேட்டார்கள். சித்தி கேட்டாள், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா கேட்டாள், என்னைப் பெண் பார்க்க வந்து மிக்சர் தின்றுகொண்டிருந்த ஒருவரின் அம்மாவும் கேட்டாள். அந்த அம்மாளிடம் "இரண்டாம் பாகம் வரட்டும்" என்று பதில் சொன்னேன். அவர்கள் திரும்ப வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

கேமின் கதை இதுதான். கருங்கடல் ஓரத்தில் ஒரு பழைய கோட்டை ஊர், சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய காலம். அந்த ஊர் ஆற்றுப் பாலத்தைக் காவல் காக்கும் பெண்ணாக நாம் விளையாட வேண்டும். வாளும் வில்லும் உண்டு, ஒரு குதிரை உண்டு. எதிரிப் படை வருகிறது. யாருக்கு ரொட்டி கொடுப்பது, யாரை உள்ளே விடுவது, எந்தக் களஞ்சியத்தைக் கொளுத்துவது என்று ஒவ்வொன்றையும் நாம்தான் முடிவு செய்யவேண்டும். கடைசியில் ஊர் மக்கள் பாலத்தைக் கடந்துகொண்டிருக்க, அவள் தனியாகப் பாலத்தின் நடுவில் நிற்பாள். உதவிக்கு ஒரு படை வருவதாகச் சொல்லியிருப்பார்கள். அந்த இடத்தில் திரை இருண்டுவிடும். 'தொடரும்' என்று ஒரு வார்த்தை. ஏழு வருடமாக அவள் அங்கேயே நிற்கிறாள்.

இதை நான் தனியாக விளையாடவில்லை. என்னோடு பள்ளியிலிருந்தே படித்த ஒருத்தி இருந்தாள், கம்மாபுரத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அவர்கள் நிலமும் வீடும் சுரங்கத்துக்குப் போய், மேட்டில் வேறு வீடு கட்டிக்கொண்டவர்கள். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் இருவரும் சும்மா இருந்த வருடம் அது. பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் புது கேம் மெஷின் வாங்கிவிட்டுப் பழையதை எங்களுக்கு அனுப்பினான். ஒரு மெஷின், ஒரு கேம், இரண்டு பேர். அனல் மின் நிலையத்து ஊரில் வளர்ந்த இரண்டு பெண்கள் இதற்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தோம். ஷிஃப்ட் போட்டோம்.

அப்பா மின் நிலையத்துக் கன்ட்ரோல் ரூமில் ஆப்பரேட்டர். எங்கள் வீட்டில் எந்தச் சண்டையையும் முடித்துவைக்கக்கூடிய சொற்கள் இரண்டு: "ரிலீவர் வரல." அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து, லாக் புத்தகத்தைப் படித்து, எடுத்துக்கொண்டேன் என்று சொல்லும்வரை இருக்கிறவர் நாற்காலியை விட்டு எழக்கூடாது. மதியம் இரண்டு மணிக்கு வரவேண்டிய அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. அம்மா அந்தச் சோற்றை மறுபடி சூடாக்கிக்கொண்டே அந்த முகம் தெரியாத ரிலீவரைத் திட்டுவாள். அப்பாவைத் திட்டமாட்டாள்.

நாங்களும் அதே சட்டத்தைப் போட்டுக்கொண்டோம். காலை பதினொரு மணி வரை என் ஷிஃப்ட், பிறகு அவளுடையது. அவள் பஸ் தாமதமானால் நான் பாலக்காவல்காரியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்க் குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டு காத்திருப்பேன். குதிரைக்கு இடது முன்னங்கால் நொண்டி. நல்ல குதிரையாக மாற்றிக்கொள்ளலாம் என்று கேம் நான்கைந்து தடவை ஆசை காட்டியது. நாங்கள் மாற்றவில்லை. அப்பா கொண்டுவந்து போட்ட, பாதி எழுதாத பழைய ரிஜிஸ்டர் ஒன்றில் எல்லாவற்றையும் எழுதினோம். 'பாலத்தடியில் கிடந்த கிழவனுக்கு ரொட்டி கொடுத்தாச்சு.' இது நான். 'காட்டிக்கொடுத்த தச்சனை விட்டுவிட்டேன், கேள்வி கேட்காதே. அம்பு ரெண்டுதான் இருக்கு.' இது அவள். கீழே கையெழுத்து. ஒருநாள் அப்பா அதைப் புரட்டிப் பார்த்தார். இது என்ன கூத்து என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"டைம் போடலயே? டைம் இல்லாத என்ட்ரி செல்லாது" என்றார்.

அன்றிலிருந்து டைம் போட்டோம், முன்னால் எழுதியதற்கும் ஞாபகத்திலிருந்து போட்டோம்.

அவள் கல்யாணமாகிப் பண்ருட்டிக்குப் போனாள், முந்திரி உடைக்கிற வீட்டுக்கு. எனக்குச் சுரங்க ஆபீஸில் கான்ட்ராக்டில் டேட்டா என்ட்ரி வேலை கிடைத்தது. இதற்கிடையில் இரண்டாம் பாகம் வருகிறது என்று அறிவித்தார்கள், தள்ளிவைத்தார்கள், மறுபடி அறிவித்தார்கள், மறுபடி தள்ளிவைத்தார்கள். போனில் எங்களைப் போலக் காத்திருக்கிறவர்களின் குழு ஒன்று உண்டு. சேத்தியாத்தோப்பில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர், நான், அவள், இன்னும் சிலர். ஒவ்வொரு தடவை தள்ளிப்போகும்போதும் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறுவார்கள், மறுவாரம் வெட்கமில்லாமல் திரும்பி வருவார்கள்.

இந்த வருடம் தேதியே சொல்லிவிட்டார்கள். அதோடு ஒரு செய்தி. முதல் பாகத்தை முடித்து மெஷினில் சேமித்த ஆட்டம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு அதே காவல்காரி, அதே குதிரை, அவர்கள் காப்பாற்றிய அதே ஜனங்களோடு இரண்டாம் பாகம் தொடங்கும். சேமிப்பு இல்லாதவர்களுக்குக் கம்பெனி கொடுக்கிற பொதுவான ஆள். அன்று அவள் போனில் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எங்களுடைய நொண்டிக் குதிரை பத்திரமாக இருந்தது, அந்தப் பழைய மெஷினுக்குள், எங்கள் ஹாலில், டிவிக்குக் கீழே.

அதே வருடம்தான் அப்பா ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நான் கான்ட்ராக்ட் என்பதால் என் பெயரில் வீடு கிடையாது. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்கு, நான் வடலூரில் ஒரு பெண்கள் விடுதிக்கு என்று முடிவாயிற்று. விடுதியில் ஒரு கட்டில், ஒரு அலமாரி. டிவி வைக்க இடமில்லை.

ரிட்டையர் ஆன மூன்றாவது வாரம். சனிக்கிழமை காலை மெஷினை அப்டேட்டில் போட்டுவிட்டு நான் கடைத்தெருவுக்குப் போனேன். அப்பா ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து பையைக் கீழே வைப்பதற்குள் பெருமையாகச் சொன்னார்: "உன் மெஷின்ல அலாரம் வந்துச்சும்மா. நானே கிளியர் பண்ணிட்டேன்."

என்ன அலாரம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இடம் நிறைந்துவிட்டது, சேமித்தவற்றை நீக்கவா என்று மெஷின் கேட்டிருக்கிறது. சிவப்பாக எழுத்து வந்திருக்கிறது, பீப் அடித்திருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் சிவப்பு விளக்கும் பீப் சத்தமும் வந்தால் அக்செப்ட், பிறகு ரீசெட் என்று பழகிய கை அது. ஆம் என்று ஒருதடவை அழுத்தியிருக்கிறார். நிச்சயமா என்று கேட்டதற்கு மறுபடி ஆம். எங்கள் ஊர் அப்பாக்களைத் தவிர வேறு யாரும் டிவியில் எதையோ பார்த்து இவ்வளவு பொறுப்பாக எழுந்து போயிருக்கமாட்டார்கள்.

பார்த்தேன். எதுவும் இல்லை. பாலம் இல்லை, குதிரை இல்லை.

"இப்ப என்ன ஆகிப்போச்சு, கேம்தானே" என்றார் அப்பா.

"பிளான்ட்ல அலாரம் என்னன்னு படிக்காமலே ரீசெட் அடிப்பீங்களாப்பா?" என்று கேட்டேன்.

ஒரு ஆப்பரேட்டரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டேன். அப்பாவின் முகம் சின்னதாகிவிட்டது. அம்மா கரண்டியோடு வந்து, அப்பாவைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. நிஜமான நஷ்டத்துக்கு நிஜமாகக் கோபப்பட எனக்கு உரிமை உண்டு. அன்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பண்ருட்டிக்குப் போன் செய்து, எல்லாம் அழிந்துவிட்டது என்றேன்.

"யார் தொட்டாங்க?" என்றாள்.

"அப்பா."

"எப்ப காலி பண்றீங்க?"

"ஆறு வாரம் இருக்கு. நீ வருத்தப்படாதடி, விட்டுடலாம்னு..."

"எதுக்கு வுடணும்? எங்க வூட்ட எடுத்துக்கினாங்க, கொல்லைய எடுத்துக்கினாங்க. அப்பல்லாம் எல்லாரும் வுட்டுடு வுட்டுடுன்னுதான் சொன்னாங்க. இத நான் வுடமாட்டேன். மொதல்லருந்து ஆடலாம்."

அப்பா இரண்டு நாள் டிவி இருந்த பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் நான் ஆபீஸிலிருந்து வரும்போது பரணிலிருந்து இறக்கிய சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த ரிஜிஸ்டர். துணியால் துடைத்து வைத்திருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "முதல் பக்கத்துலேர்ந்து எல்லாம் இருக்கும்மா. யார் எப்ப என்ன செஞ்சீங்கன்னு டைமோட இருக்கு. டிரிப் ஆகி நின்ன யூனிட்ட லாக் பார்த்துதான் திரும்ப எடுப்போம்" என்றார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படித்தான் ஆரம்பித்தோம். தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் நான் விளையாட, அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசிப்பார். "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ஒம்பது இருபது. கிழவனுக்கு ரொட்டி." கொடுப்பேன். "ஒம்பது நாப்பத்தஞ்சு. தெற்கு வாசல் மூடியாச்சு." மூடுவேன். ஒருநாள் அவரே நிறுத்தி, "இந்தக் குதிரைய ஏன் மாத்தல?" என்று கேட்டார். "நல்லா ஓடுற குதிரைய வச்சு யார் வேணும்னாலும் ஜெயிப்பாங்க" என்றேன். அடுத்த வரிக்குப் போனார்.

அவளுடைய ஷிஃப்ட் பக்கங்கள் வந்தபோது நானே ஆடிவிடலாம் என்று நினைத்தேன். போனில் கத்தினாள். "என் ஷிஃப்ட நீ தொடாத. நான் வரேன்." ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ருட்டி பஸ்ஸில் வந்து இறங்கினாள், ஒரு பொட்டலம் முந்திரிப் பருப்போடு. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று அம்மா கேட்டாள். அம்மா வீட்டுக்கு என்றோ கோயிலுக்கு என்றோ சொல்லியிருப்பாள் என்று நானும் நினைத்தேன்.

"கேம் ஆடப் போறேன் அத்தைன்னு சொல்லிட்டுதான் வந்தேங்க. இதுக்கு எதுக்குப் பொய் சொல்லணும்? வாரம் பூரா கொட்ட ஒடச்சிகினு கெடக்கறேன், ஒரு நாள் பாலத்துல நின்னா என்னவாம்?"

அம்மா டீ போடப் போனாள். என் தோழியின் விரல்கள் முந்திரிப் பால் பட்டுக் கறுத்திருந்தன. அந்த விரல்களால்தான் தச்சனை மறுபடி விட்டுவிட்டாள். ஏன் விட்டாய் என்று ஏழு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். "அவனுக்கும் வூடு போச்சுடி" என்றாள்.

ஆறாவது வாரம். மறுநாள் சாவியை ஒப்படைக்கவேண்டும். ஹாலில் டிவி, மெஷின், ஸ்டூல் தவிர எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. அவளும் வந்திருந்தாள். கடைசிக் கட்டத்தில் கன்ட்ரோலரை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டோம். மக்கள் பாலத்தைக் கடந்தார்கள். கிழவன் கடந்தான், தச்சன் கடந்தான். நொண்டிக் குதிரை காவல்காரியின் பக்கத்தில் நின்றது. திரை இருண்டது. தொடரும். மெஷின் சேமித்துக்கொண்டதா என்று மூன்று தடவை பார்த்தோம். சேமித்திருந்தது.

அப்போதுதான் இரண்டு போனும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. சேத்தியாத்தோப்பு மருந்துக்கடைக்காரர் குழுவில் செய்தி போட்டிருந்தார். இரண்டாம் பாகம் மறுபடி தள்ளிவைப்பு. இந்தத் தடவை தேதியே சொல்லவில்லை.

மூட்டை கட்டிக்கொண்டிருந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "மறுபடியுமா? இனிமேலாவது அதத் தூக்கிக் காயலான் கடையில போடுங்க. வரவே வராது அது."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்கு அழுகை வரவில்லை. வந்தது வேறு ஒன்று. காத்திருப்பதை யாருடைய அனுமதி வாங்கியும் நாங்கள் ஆரம்பிக்கவில்லை, யார் சொல்லியும் நிறுத்தப்போவதில்லை. மெஷின் என்னோடு விடுதிக்கு, அலமாரியில் துணிக்கு அடியில். ரிஜிஸ்டர் அவளோடு பண்ருட்டிக்கு. ஒரே நிமிடத்தில் பேசி முடித்தோம்.

பிறகு ரிஜிஸ்டரை எடுத்துக் கடைசி என்ட்ரிக்குக் கீழே எழுதினேன்: 'பாலம் நம் கையில். குதிரை உயிரோடு இருக்கிறது. ரிலீவர் வரவில்லை. இடத்தை விட்டு நகரவில்லை.' நான் கையெழுத்துப் போட்டேன், அவளும் போட்டாள்.

அப்பா கையை நீட்டினார். கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார். அவரும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டால் என்ன சொல்வது என்று வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"டைம் போடலயே" என்றார்.

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டிருந்தோம். அப்பாவே தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சு நாப்பது. எழுது."

எழுதினேன்.