இசக்கிச்செல்வி கட்டின மெஷின்

சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தி. சாம்பார் வாளியோடு வந்த நாத்தனார்க்காரி இசக்கிச்செல்வியின் காதருகே குனிந்து, "மைனி, வேலை பாத்த எடத்துல நீங்க ஏதோ பைலைத் திருடிட்டியளாமே? தென்காசி பூரா பேசுதாவ," என்றாள். பக்கத்து இலைக்காரியின் கை அப்படியே நின்றது. செல்வி பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்தாள். குழாயடியில் கை கழுவும்போதே முடிவு செய்துவிட்டாள், தங்கசாமியை நாலு பேர் முன்னால் கூனிக்குறுக வைக்காமல் விடுவதில்லை என்று.

தங்கசாமி தென்காசி ரத வீதியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். வீடோ மண்டபமோ கட்டுவதற்கு முன்பே அது எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் த்ரீ டி படமாகச் செய்து காட்டுகிற தொழில். சிவில் டிப்ளமோ முடித்த செல்வி அங்கே ஆறு வருஷம் வேலை பார்த்தாள். அவள் செய்த கல்யாண மண்டபப் படம் ஒன்றுக்குத் திருநெல்வேலி கண்காட்சியில் பரிசு கிடைத்தது. மேடையேறி வாங்கிக்கொண்டவர் தங்கசாமி. கீழே நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் செல்வியும் ஒருத்தி. ஊர் திரும்பியதும், "படத்துக்கு அடியில எம்பேரையும் போடுங்க அண்ணாச்சி," என்று கேட்டாள்.

"எதுக்கு? கம்ப்யூட்டர் வரையுது. நீ மவுஸைப் பிடிச்சிக்கிட்டு இருக்க," என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு இன்ஜினியர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் வேலையை விட்டாள். அதோடு போயிருந்தால் அவளும் மறந்திருப்பாள். ஆறு வருஷத்தில் அவள் செய்த படங்கள் ஒன்றையும் எடுத்துப் போகவிடாமல் தடுத்த தங்கசாமி, அடுத்த வாரமே ஊரில் உள்ள இன்ஜினியர்களுக்கெல்லாம் போன் போட்டு, "அந்தப் பிள்ளைய உள்ள விடாதீய, பைலைத் திருடிருவா," என்று சொல்லிவைத்தார். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

செல்வி மேலகரத்து வாடகை வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினாள். வீட்டில் இருந்தது ஒரு பழைய லேப்டாப். ஒரு வரவேற்பறையைச் செய்து படமாக்கச் சொன்னால் அது அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகக் காய்ந்தது. காலையில் கொடுத்த படம் விளக்கு வைக்கும் நேரத்துக்கும் முடியாது. இரண்டு தென்னைமரத்தைச் சேர்த்தால் அணைந்தே போகும்.

ராணுவத்தில் இருந்த புருஷன் மாரியிடம் போனில் சொன்னாள். "புது மெஷின் வேணும். பைக்குக்கு வச்சிருக்க துட்டைக் குடுங்க."

"ஏட்டி, தொழிலுக்காகக் கேக்கியா, அந்த ஆளு மேல உள்ள கோவத்துல கேக்கியா?"

"ரெண்டுக்குந்தான்."

மாரி, "சரி, வாங்கு," என்றான்.

எந்த மெஷின் சரிப்படும் என்று அவள் ஒரு மாதம் தேடிப் படித்தாள். கோபத்தில் இருக்கிறவளுக்கு எதுவும் மனதில் நன்றாகப் பதியும் போலிருக்கிறது. படத்தைச் சுமக்கிற வேலை கிராபிக்ஸ் கார்டுடையது. கார்டுக்கென்று தனி மெமரி உண்டு. சுவர், ஓடு, மரம், இலை, தண்ணீர் என்று காட்சியில் உள்ளதெல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் மெஷின் திணறும், கடைசியில் படுத்துவிடும். திருநெல்வேலிக் கடைக்காரன் ஒரு கார்டைக் கட்டிக் கொடுத்தான். பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். கேட்ட பெயர்தான், மெமரி மட்டும் பாதி. திரும்பிப் போய்க் கவுன்டரில் வைத்தாள். "எல்லாம் ஒண்ணுதாம்மா," என்றான் அவன். "ஒண்ணுதான்னா பெருசைக் குடுங்க," என்று மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

கம்ப்யூட்டரின் பொது மெமரியையும் தாராளமாகப் போட்டாள். மற்ற பாகங்களுக்கெல்லாம் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்கவில்லை. அது மட்டமாக இருந்தால் கூட இருக்கிற விலையுயர்ந்ததையும் சேர்த்து எரித்துவிடும். காற்று நன்றாக ஓடுகிற பெட்டி, இரண்டு பெரிய விசிறி. குற்றாலத்துக் காற்றின் ஈரம் தாக்காமல் பெட்டியை ஜன்னலை விட்டுத் தள்ளி ஒரு ஸ்டூலில் ஏற்றிவைத்தாள். சாரல் நாளில் கரண்ட் போய்ப் போய் வரும் என்பதால் ஒரு யு.பி.எஸ். திருகாணி ஒவ்வொன்றையும் தானே முடுக்கினாள். முடுக்கும்போதெல்லாம் தங்கசாமியின் முகம் முன்னால் வந்தது.

தங்கசாமியின் ஸ்டுடியோ மெஷினைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடிப் பெட்டி, உள்ளே கலர் கலராக விளக்கு. வருகிறவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். கார்டு மட்டும் அரதப் பழசு. மாற்றச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் விளக்கைத்தான் மாற்றினார். மரம் நிறைய வந்தால் அது தாங்காது. செல்வி காட்சியைத் துண்டு துண்டாகப் படமாக்கி ஒட்டிச் சமாளித்து வந்தாள். அது தங்கசாமிக்குத் தெரியவே தெரியாது.

கடையநல்லூர் மசூது வளைகுடாவிலிருந்து திரும்பி, ஐந்தருவி ரோட்டில் ரிசார்ட் கட்டப்போகிறார், படவேலை தங்கசாமிக்குத்தான் போகிறது என்று கேள்விப்பட்டதும் செல்வி நேராக அவர் வீட்டுக்குப் போனாள்.

மசூது தயங்கினார். "உங்களப் பத்தி ஒரு பேச்சு கேட்டேன்மா."

"திருடிதானே பாய்? திருடினதா இருந்தா போலீஸ்ல ஏன் சொல்லல? அவர்கிட்டயே கேளுங்க. எனக்கு நீங்க வேலை தரவேண்டாம். பிளானை மட்டும் தாங்க, நானும் செஞ்சு கொண்டாறேன். அவர்கிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. வெறும் படமா வேண்டாம், சாரல் விழுதப்போ மரங்களுக்கு நடுவுல நாங்க கைகாட்டுத பக்கமெல்லாம் நடந்து போற மாதிரி அங்கனயே ஓட்டிக் காட்டணும்னு."

மசூதுக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. தங்கசாமியிடம் கேட்டார். "அதுக்கென்ன, ஜம்முனு காட்டிருவோம்," என்றாராம் தங்கசாமி. செல்வி அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஓடுகிற காட்சியைத் துண்டு துண்டாக ஒட்டிக் காட்ட முடியாது. தூண்டில் தொண்டையில் இறங்கிவிட்டது.

ஆனி முழுக்க உழைத்தாள். பத்துப் பன்னிரண்டு மரங்களை மட்டும் நுணுக்கமாகச் செய்து, அவற்றையே திருப்பியும் சாய்த்தும் காடாக நட்டாள். மெமரிக்கு அந்தப் பன்னிரண்டு மரத்தின் பாரம்தான், கண்ணுக்கு ஒரு மலையே தெரியும்.

காட்டவேண்டிய நாளுக்கு முன்தினம், தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்டுடியோவில் அவளுக்கு உதவியாக இருந்து, அவளுக்குப் பிறகு அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெனோ.

"அக்கா, மரத்தைப் போட்டதும் மெஷின் படுத்துருதுக்கா. நீங்க எப்படிக்கா சமாளிச்சிய? முதலாளி காலையிலருந்து ஏசுதாரு."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மரத்தைக் குறை, தூரத்து மலையை வெறும் படமாக ஒட்டு என்றால் ஓரளவு ஓடியிருக்கும். ஜெனோ நல்ல பையன். அவள் வேலையை விட்ட அன்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தவன் அவன் ஒருவன்தான்.

"மறந்துபோச்சுடே," என்றாள் செல்வி. துருவியில் விரல் கீறி ரத்தம் வந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டு போனை வைத்தாள்.

மறுநாள் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹால். மசூதும் ரிசார்ட்டில் பணம் போட்ட பங்குதாரர்கள் இருவரும் முன்வரிசையில் இருந்தார்கள். செல்வி மெஷினைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் தங்கசாமியின் முகம் சுண்டியது. "இவள யாரு இங்கன கூப்பிட்டது?" என்றார்.

"நான்தான்," என்றார் மசூது. "நீங்க ஆரம்பிங்க."

கண்ணாடிப் பெட்டியில் விளக்கு எரிந்தது. திரையில் ரிசார்ட் வாசல் அழகாகத்தான் இருந்தது. "உள்ள போங்க," என்றார் ஒரு பங்குதாரர். ஜெனோ வாசலைத் தாண்டினான். மரங்கள் தொடங்கும் இடத்தில் படம் விக்கியது. விசிறி ஓலமிட்டது. ஒரு இலை பாதியில் தொங்கியபடி எல்லாம் உறைந்து, திரை கறுத்துப்போனது. மறுபடி போட்டான். மறுபடியும் கறுத்தது. "ஏலே, கூறுகெட்ட மூதி, என்னத்தைலே செஞ்ச?" என்று எல்லார் முன்னாலும் தங்கசாமி ஜெனோவைப் பார்த்துக் கத்தினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செல்வி அதைக் கண் நிறையப் பார்த்தாள்.

அடுத்து அவள் மெஷின். சாரல் விழுந்தது. இலைகள் நனைந்து மினுங்கின. "இடப்பக்கம்," என்றார்கள், திரும்பினாள். "மாடிக்கு," என்றார்கள், ஏறினாள். மாடியிலிருந்து அருவியின் வெள்ளைக் கோடு தெரிந்ததும் மசூது எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

முடிந்ததும் செல்வி தங்கசாமிக்கு நேராகத் திரும்பினாள். "அண்ணாச்சி, இதையும் உங்ககிட்டருந்துதான் திருடினேனா? நாலு பேரு இருக்காவ. சொல்லிட்டுப் போங்க."

அவர் தன் மெஷினின் வயரைக் கழற்றத் தொடங்கினார். செல்வி விடவில்லை. "சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க."

"இல்ல," என்றார் தங்கசாமி, தரையைப் பார்த்தபடி.

ரிசார்ட் படவேலை அவளுக்கே வந்தது. அதோடும் அவள் நிறுத்தவில்லை. அவருடைய வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய் திரையில் ரிசார்ட்டுக்குள் நடக்கவிட்டுக் காட்டினாள். ஒரு வருஷத்துக்குள் பாதிப் பேர் மேலகரம் வந்துவிட்டார்கள். முன்பு மோர் கொடுத்து அனுப்பிய இன்ஜினியர்களை வாசலில் அரைமணி நேரம் காக்கவைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டாள்.

குற்றாலத்து ஹாலிலிருந்து இறங்கிய அன்றே ஜெனோவுக்கு வேலை போயிருந்தது. இரண்டாவது மெஷின் கட்டியபோது செல்வி அவனைக் கூப்பிட்டாள். "நீங்க மறக்கலக்கா. எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னான். கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பிறகு அவள் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அந்த ஒன்று மட்டும் அவளுக்குச் செரிக்கவில்லை. தங்கசாமி விஷயத்தில் அப்படி எந்த உறுத்தலும் இல்லை.

போன ஆடியில், சாரல் நசநசத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கேட்டுக்கு வெளியே தங்கசாமி வந்து நின்றார். கையில் அல்வாப் பெட்டி. குடை இல்லை.

"செல்வி, ரெண்டு பேரும் சேந்து பண்ணுவோமா? பேரு ஒம்பேரே இருக்கட்டும்."

செல்வி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அட்டைப் பெட்டி நனைந்து எண்ணெய் கசிந்து அவர் வேட்டியில் வடிந்துகொண்டிருந்தது. இருந்த இடத்தைவிட்டு அசையாமல், அவர் திரும்பிப் போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். போனில் பேசிக்கொண்டிருந்த மாரி, "வாசல்ல யாருட்டி?" என்று கேட்டான்.

"யாரோ. வீடு மாறி வந்திருக்காரு," என்றாள்.