கல்லில் பதிந்த காது

என் அக்கா பேச ஆரம்பித்தால் ஓயமாட்டாள். அத்தான் கேட்க ஆரம்பித்ததே இல்லை. இப்படியே அவர்கள் குடித்தனம் அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குக் கல்லச்சுக் கூடத்தில் வேலை. ஓவியர்கள் வழவழப்பான கல்லில் பசையுள்ள கரிக்கோலால் வரைவார்கள். பசை பட்ட இடத்தில் மட்டும் மை பிடித்துத் தாளில் ஏறும். வெறும் விரல் பட்டாலும் போச்சு, அதுவும் அச்சாகிவிடும். அக்காவுக்குப் பயந்து முதலாளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

அந்த முறை ஓவியரான ஓர் அம்மா வரைந்த பெரிய படம். விதையா, கூழாங்கல்லா, அவரைப் பிஞ்சா என்று சொல்ல முடியாத உருவங்கள் உருண்டு நெளிந்தன. நடுவில் வெறும் வெள்ளை. முதல் முறையாக முழுப் பொறுப்பும் அக்காவுக்கு. நன்றாக வந்தால் அவள்தான் தலைமை அச்சாளர். சொதப்பினால் பழையபடி கல் தேய்க்க வேண்டியதுதான்.

மதியம் அத்தான் சாப்பாடு கொண்டுவந்தார். அக்கா கை கழுவப் போயிருந்தாள். வெயிலில் வந்த மனிதருக்குக் கல் ஜில்லென்று இருந்தது. எண்ணெய் வழியும் தலையை அப்படியே நடு வெள்ளையில் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டார். அக்கா வருவதற்குள் எழுந்து, ஒன்றும் அறியாத பச்சைப் பிள்ளையாக டப்பாவைத் திறந்தார். கல்லில் தடம் ஏதும் தெரியவில்லை.

மறுநாள் அக்கா எல்லோர் முன்னாலும் கல்லிலிருந்து முதல் தாளை உரித்தாள். நடுவில் ஒரு காது. சின்ன வயதில் பூனை பிறாண்டிய வெட்டு உட்பட, அச்சு அசல் அத்தான் காது.

"அடடா, இந்த வளைவுலதாம்மா உசிரே இருக்கு!" என்று முதலாளி உருகினார்.

ஓவியர் முழித்தார். "இதை நான் வரைஞ்சேனா?"

ஆமாம் என்று அக்கா தலையாட்டியிருந்தால் தீர்ந்தது. அவளால் முடியவில்லை. "இல்லம்மா. அது என் வீட்டுக்காரர் காது."

ஓவியர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல காதுதான். ஆனா என் படத்துல நின்னு ஒட்டுக்கேக்குதே! எடுத்துடுங்க."

பக்கத்துக் கோட்டில் கீறல் படாமல் அக்கா அதைச் சுரண்டி எடுத்தாள். வெள்ளை திரும்ப வந்தது. பதவியும் வந்தது.

காது பதிந்த தாளை ஓவியரிடம் கேட்டு வாங்கிச் சமையலறையில் மாட்டினாள். அச்சுக்கூடத்துக் கதையெல்லாம் இனி அதனிடம்தான். அத்தான் முகம் தொங்கிப்போனது. எனக்குப் பரம சந்தோஷம்.

ஒரு சாயங்காலம் அவர் டிவியை அணைத்துவிட்டு, படத்துக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"அதுக்கு ஒரு காதுதான். எனக்கு ரெண்டு இருக்கு. சொல்லு."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், பாவம் மனிதர், ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.