பூத் கண்ணாடியில் செவ்வாய்

ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் கெடுத்தேன். மைசூரில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே பொழுதுபோக்காக ஜாதகமும் பார்த்தவன் நான். எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்த ஹனூர்ப் பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம், கணவனுக்கு ஆகாது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னேன். அவர்கள் விலகிவிட்டார்கள்.

ஒல்லியான பெண். யாருக்காவது லைன் கிடைத்துவிட்டால் தானே கைதட்டுவார். கல்யாணம் நின்ற பிறகு என் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார்.

தொண்ணூற்றேழில் செவ்வாயில் இறங்கிய விண்கலம் எடுத்த படம் நாளிதழில் வந்தது. வெறும் செம்மண்ணும் கற்களும். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்; அவர்கள் கேட்கவில்லை. பூத்துக்குப் போய், “தப்பு என்னுடையதும்மா” என்றேன்.

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். “எங்க ஹனூர்க் காடு மாதிரியே கெடக்குதுங்க சார். இந்தக் கல்லுங்களா எனக்கு வர்ற புருஷன முழுங்கப் போகுது?” என்று சிரித்துவிட்டார்.

படத்தைப் பூத் கண்ணாடியில் ஒட்டினார். போன் பேச வந்த பஸ் கண்டக்டர் ஒருவர் அதைப் பற்றி விசாரித்தார். பிறகு தினமும் விசாரித்தார்.

இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்து, என்னையும் சாட்சிக்கு அழைத்தார்கள். “ராகு காலத்தில் வரச்சொல்கிறாயே அம்மா?” என்றேன்.

“அப்பத்தானுங்க சார் ஆபீஸ்ல கூட்டமே இருக்காது!”

முதல் சாட்சியாக நான் கையெழுத்திட்டேன்.