ராக்கெட்டுக்குச் சாவி போடுகிறவள்

அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்களுக்கென்றே உலகத்தில் ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் நான் மூன்று வருஷமாகப் பார்க்கிறேன்.

பரமத்தி வேலூருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கூடத்து உதவியாளர் நான். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். இயற்பியல் எடுக்கும் வளர்மதி டீச்சர், பிள்ளைகள் செய்து பறக்கவிடும் சின்ன ராக்கெட்டுகளுக்கு ஒரு மன்றம் ஆரம்பித்தார், நிம்மதி போயிற்று. விலைக்கு வாங்கும் பெட்டியில் அட்டைக் குழாய், மரத்தகட்டு இறக்கை, பிளாஸ்டிக் மூக்கு, பாராசூட் எல்லாம் வரும். ஒட்டிச் சேர்ப்பது பிள்ளைகள் பொறுப்பு. கவலைப்படுவது என் பொறுப்பு. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் என் இனத்தாருக்கு இது புரியும்.

சாவி யார் கையில்

ராக்கெட்டைத் தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்கக் கூடாது. அடியில் இருக்கும், வெடிமருந்து அடைத்த மோட்டாருக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செருகி, அதிலிருந்து நீளமாக வயர் இழுத்து, தள்ளி நின்று பட்டனை அமுக்க வேண்டும். பட்டன் பெட்டிக்கு ஒரு குட்டிச் சாவி உண்டு. சாவி போடாமல் பட்டனை எத்தனை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது.

அதை யார் வைத்துக்கொள்வது என்று முதல் கூட்டத்தில் பேச்சு வந்தபோது விளையாட்டு வாத்தியார் உடனே கையை நீட்டினார். நான் அதற்குள் காற்றடித்தால் என்ன ஆகும், ராக்கெட்டை நிமிர்த்தி நிற்கவைக்கும் கம்பி குனிகிறவர்கள் கண்ணில் குத்தினால் என்ன ஆகும் என்று கேட்டு எல்லோரையும் சலிக்கவைத்திருந்தேன். டீச்சர் நேராக என்னிடம் வந்து சாவியைக் கொடுத்தார்.

"பயப்படாதவங்க கையில குடுத்தா எனக்குத் தூக்கம் வராதுங்கக்கா. நீங்க வெச்சிருந்தா உங்களுக்கு மட்டுந்தான் வராது."

பண்ணைக்காரர் சொன்ன நிபந்தனை

பள்ளி மைதானத்துக்கு மேலே மின்கம்பி போகிறது. அங்கே விட முடியாது. பக்கத்தில் குப்புசாமி அண்ணனின் தரிசு நிலம் இருந்தது. அதைத் தாண்டி அவருடைய கோழிப்பண்ணைக் கொட்டாய். வேறு இடம் அக்கம்பக்கத்தில் கிடையாது. அவர் மாட்டேன் என்றால் மன்றத்தை மூட வேண்டியதுதான்.

காய்ந்த புல்லைச் சுத்தமாகச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, யாரும் கிட்டப் போகாதபடி கயிறு கட்டி, இரண்டு வாளியில் மணல் வைக்கிறோம் என்று நானும் டீச்சரும் போய்ச் சொன்னோம். ஒரு பொறி விழுந்தாலோ, கோழி மிரண்டு முட்டை குறைந்தாலோ அன்றோடு நிலம் கிடையாது என்றார். சரி என்று திரும்பினோம். பின்னாலேயே வந்தார்.

"ராக்கெட்டு நிலாவுக்கு வேணாலும் போகட்டுங்க, எம்பட கொட்டாய்க்கு வரக்கூடாது."

லாரிக்கு அடித்த பெயிண்ட்

ஒரு மாணவியின் அப்பா நாமக்கல்லில் லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். மகளின் ராக்கெட்டை வீட்டுக்கு வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது பட்டி பார்த்து, மூன்று கோட்டிங் அடித்து, இரண்டு பக்கமும் தாமரை, நடுவில் கழுகு, இறக்கையின் பின்புறம் 'ஒலி எழுப்பவும்' எல்லாம் இருந்தது. அழகில் குறையில்லை. கையில் வாங்கினேன், கை இறங்கியது.

தராசில் வைத்தோம். இவ்வளவுதான் தூக்கும் என்று மோட்டார் உறையில் போட்டிருந்த எடையைத் தாண்டிவிட்டது. அதைப் பறக்கவிட்டால் உயரே போகாமல் சாய்ந்து யார் மேலாவது பாயும் என்றார் டீச்சர். நான் சாவியை எடுக்கவே இல்லை. அந்த மனிதர் கோபித்துக்கொள்ளாமல் அங்கேயே உட்கார்ந்து உப்புத்தாளால் தாமரையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"பாரம் ஏத்தற வண்டிக்கே அடிச்ச கைங்க இது. பறக்கற வண்டி இதுதானுங்க மொதத் தடவ."

கஞ்சி போட்ட பாராசூட்

தையல் டீச்சர் கலைவாணி ராசிபுரத்துத் தறிக்கார வீட்டுப் பெண். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் பாராசூட் கிழிந்துபோனதும் மெல்லிய துணியில் புதிதாக ஒன்று தைத்தார். அதோடு விட்டாரா? கஞ்சி போட்டு, இஸ்திரி வைத்து, கடைப் புடவைபோல மொடமொடப்பாக மடித்து உள்ளே வைத்தார். நானும் பார்த்து மெச்சினேன். என் கவலை முழுவதும் அன்று வாளி மணலில்.

மேலே போன ராக்கெட்டிலிருந்து பாராசூட் வெளியே வந்தது. வந்ததே தவிர விரியவில்லை. மடித்தது மடித்தபடி கல்லாக இறங்கி, மூக்கு மண்ணில் குத்தி நின்றது. எல்லோரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றதால் மண்ணுக்கு மட்டும்தான் அடி. அன்றிலிருந்து பாராசூட்டுக்குக் கஞ்சி கிடையாது. ஒட்டாமல் இருக்க முகப்பவுடர் தூவுகிறோம். கலைவாணி மட்டும் அந்த மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

"இதே புடவையா இருந்திருந்தா, அவ்வளவு உசரத்துல இருந்து உழுந்தும் மடிப்புக் கலையலைன்னு பேசியிருப்பாங்க."

அறுபது வரை எண்ணியது

இந்த வருஷம் பள்ளி ஆண்டு விழாவுக்கு ராக்கெட்டின் மூக்குக்குள் பஞ்சு சுற்றி ஒரு முட்டையை வைத்து அனுப்பி, உடையாமல் இறக்குவதாகத் திட்டம். முட்டை குப்புசாமி அண்ணன் கொடுத்தது. அவரும் வந்து நின்றார். கண் பண்ணை மேலேயே இருந்தது.

ஐந்து, நான்கு என்று பிள்ளைகள் எண்ணி, பட்டனை அமுக்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்கத் தாளாளர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே கால் வைத்தார். எனக்குச் சம்பளம் போடுகிறவர். நான் பெட்டியிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். "ஒரு நிமிஷம் யாரும் கிட்டப் போகக் கூடாதுங்கய்யா. தாமதமாப் பத்தினாலும் பத்தும்" என்றேன். விருந்தினர்கள் வெயிலில் நிற்பதாகச் சொன்னார். "நிக்கட்டுங்கய்யா" என்று என் வாய் சொல்லிவிட்டது. அறுபது எண்ணினேன். நடுவில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். பிறகு டீச்சர் போய்க் கழன்றிருந்த வயர் கிளிப்பை மாட்டி வந்தார்.

மறுபடி சாவி போட்டேன். உஸ்ஸென்ற சத்தம். எல்லோர் தாடையும் மேலே போயிற்று. கைதட்டல் கேட்டது, பாராசூட் விரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அப்புறம் கைதட்டல் திடீரென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். காற்று திசை மாறி, ராக்கெட் ஆடி ஆடி நேராகக் கோழிக் கொட்டாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

குப்புசாமி அண்ணன் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து அண்ணன் பண்ணையிலிருந்து வெளியே வந்தார். ஒரு கையில் கொட்டாய் வாசலில் விழுந்த ராக்கெட், இன்னொரு கையில் முழு முட்டை.

"கோழியெல்லாம் பேசாமத் தீனி தின்னுட்டுத்தான் இருக்குதுங்க. ராக்கெட்டுக்கு மெரளலைங்க, முன்ன நீங்க கைதட்டினீங்களே, அதுக்குத்தான் மெரண்டுச்சு. அடுத்த வருசம் கைதட்டாம உடுங்க."

நிலமும் தப்பியது, மன்றமும் தப்பியது, என் வேலையும் தப்பியது; ஆனால் மூன்று வருஷமாகக் கயிற்றைத் தாண்டும் கால்களையே காவல் காத்ததில், ஒரு ராக்கெட் தரையைவிட்டுக் கிளம்புவதை மட்டும் இதுவரை நான் பார்த்ததில்லை.