கெருசி மூன்றின் ஆமை

போன சனிக்கிழமை காலை, என் அண்ணனைத் திட்டுவதற்காகவே கிள்ளானுக்குப் போனேன்.

திட்டுவதில் எனக்கு நல்ல பேர். வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் இரண்டு காருக்கான இடத்தில் ஒரு காரைப் போட்டுவிட்டுப் போகிறவரிலிருந்து, சீனி குறைக்கச் சொன்னால் பாலைக் குறைக்கும் கடைக்காரர் வரை யாரையும் நான் விட்டுவைத்ததில்லை. அண்ணி அதை நம்பித்தான் போன் செய்தார்.

"வசந்தி, உங்கண்ணன் டயாலிசிஸுக்குப் போக மாட்டேங்கறாரும்மா. போன வியாழக்கிழமை வயித்து வலின்னாரு. இந்தச் செவ்வாய்க்கிழமை மழைங்கறாரு. மழைக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம், நீயே சொல்லு. சனிக்கிழமை நீ வந்து கூட்டிட்டுப் போ லா. நீ கத்தினாத்தான் கேப்பாரு."

அண்ணனுக்குச் சிறுநீரகங்கள் கைவிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி... காலையில் போய் உட்கார்ந்தால் மதியம் வரை மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். தொடர்ந்து தவறினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இந்த இரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அந்த சென்டருக்குப் போனதில்லை. ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும் என்று சொல்லி வைத்திருந்தேன். ஃபெடரல் ஹைவேயில் ஜாம் என்றும் சொல்வேன். தீபாவளிக்குப் போவேன், முறுக்கு தின்பேன், "உடம்பு எப்படி இருக்குண்ணே?" என்று கேட்பேன், பதில் முடிவதற்குள் சாவியைத் தேடுவேன்.

அண்ணனை இங்கேயே காரில் உட்கார வைத்துவிட்டு, வேறொரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. போனில் விளையாடும் ஒரு கார்டு கேம். பெயர் 'கோத்தா'. மலாயில் கோட்டை என்று அர்த்தம். நம் ஊர்க் கம்பெனி ஒன்று செய்தது. ஆளுக்கு ஒரு கோட்டை, ஆளுக்குக் கொஞ்சம் கார்டு. மாறி மாறி கார்டை இறக்கி எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று என் மகள் கேட்கிறாள். தேவையில்லைதான். ஆனால் காலை எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டே பயணம் செய்கிறவளுக்கு வேறு என்ன சந்தோஷம்?

இதில் 'ஆமை' என்று ஒரு கார்டு. அதை இறக்கிவிட்டு நீங்கள் சும்மா இருக்க வேண்டும். வேறு எதையும் தொடாமல் விடும் ஒவ்வொரு முறைக்கும் ஆமையின் ஓடு கெட்டியாகும். ஓடு நிறைந்ததும் ஆமை எழுந்து நடக்கும். எதிராளியின் கோட்டை காலி.

நானோ மின்னல் வேகக்காரி. ஒரே மூச்சில் நாலு கார்டு இறக்குவேன். என் கார்டுகள் எல்லாம் அந்த ஓட்டில் மோதி விழும். எதிரே இருப்பவர் ஒரு விரலைக்கூட அசைக்க மாட்டார். எப்படி இருக்கும் சொல்லுங்கள்?

அதிலும் ஒருவர். 'கெருசி 3' என்று பெயர். கெருசி என்றால் நாற்காலி. அவரிடம் மட்டும் நான் எத்தனை முறை தோற்றேன் என்பதை மகளிடம்கூடச் சொல்லவில்லை. கெருசி 3 மட்டுமா? கெருசி 5, கெருசி 7 என்று ஒரு கூட்டமே இருந்தது. எல்லாரும் ஆமைதான். எல்லாரும் காலையில் ஒரே நேரத்தில் வருவார்கள். மதியம் ஒரே நேரத்தில் மறைவார்கள். அதுவும் வாரத்தில் சில நாள்தான்.

எங்களுக்கு ஒரு விளையாட்டுக்காரர் குழு உண்டு, போனில். பெரும்பாலும் என் மகள் வயதுப் பிள்ளைகள். அங்கே எப்போதும் ஒரே சண்டைதான் — எந்த கார்டு அநியாய பலம், எதை 'நெர்ஃப்' பண்ண வேண்டும், அதாவது எதன் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று. இவ்வளவு நாள் அந்தச் சண்டையைப் படித்ததில் நான் கண்டுபிடித்தது ஒன்றுதான். எந்த கார்டு நம்மைத் தோற்கடிக்கிறதோ, அதுதான் அநியாய கார்டு. நாம் வைத்திருப்பது திறமை.

பூச்சோங் பையன் ஹரீஷ்தான் ஆரம்பித்தான். "அந்த கெருசி கூட்டம் மனுஷங்களே இல்ல. கம்ப்யூட்டர் விளையாடுது. பாட். ஒரே மாதிரி பேரு, ஒரே டைம், ஒரே கார்டு. அக்கா, நீங்க எழுதுறவங்க. கம்பெனிக்கு நீங்க ஒரு லெட்டர் போடுங்க."

எழுதுகிறவளிடம் எழுதச் சொன்னால் விடுவாளா?

ஆற அமர உட்கார்ந்து எழுதினேன். குழுவின் பொதுப் பக்கத்திலும் போட்டேன். புதிதாக வருகிறவர்களின் நலன் என்று எழுதினேன். விளையாட்டின் எதிர்காலம் என்று எழுதினேன். நான் தோற்றது பற்றி ஒரு வரி இல்லை. என் கையிலிருக்கும் மின்னல் கார்டுகளின் பலம் பற்றியும் ஒரு வரி இல்லை. முத்தாய்ப்பாக இப்படி ஒன்று: 'ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது ஒரு திறமையா? சும்மா உட்கார்ந்திருப்பவருக்குப் பரிசு கொடுப்பது... விளையாட்டுதானா? அவர்களுக்கு எதற்கு இவ்வளவு நேரம்?'

கம்பெனி கேட்டுக்கொண்டது. அடுத்த அப்டேட்டில் ஆமை மாறிவிட்டது. இனி சும்மா இருந்தால் ஓடு வளராது. ஒவ்வொரு முறையும் மூன்று கார்டு இறக்கினால்தான் வளரும். யோசிக்கக் கொடுக்கும் நேரமும் பாதியாகிவிட்டது. குழுவில் பட்டாசுப் படமாகக் குவிந்தது. "அக்கா பேனான்னா பேனாதான்" என்றான் ஹரீஷ்.

கெருசிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. 'பார்த்தீர்களா, பாட்தான்' என்று நானே போட்டேன்.

சரி, காருக்கு வருவோம்.

வழி நெடுக அண்ணனைத் திட்டினேன். அண்ணியின் கஷ்டம், பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "சரிம்மா, சரிம்மா" என்றார். இளைத்துப்போயிருந்தார். முகம் மட்டும் உப்பியிருந்தது.

சென்டர் ஒரு கடைவீட்டின் மாடியில். பெரிய பெரிய சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின். அண்ணனைச் சாய வைத்து, இடது கையில் இரண்டு தடித்த ஊசிகள் குத்தினார்கள். மயக்கம் ஒன்றும் எனக்கு வரவில்லை. அதுவே முதல் வெட்கம்.

"கையை அசைக்காதீங்க அங்கிள்" என்றார் மிஸ்ஸி. இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். பிறகு அந்தப் பக்கம் திரும்பி இன்னொருவரிடம் குரல் கொடுத்தார்: "கெருசி தீகா சுடா."

தீகா என்றால் மூன்று. மூன்றாம் நாற்காலிக்கு ஊசி போட்டாயிற்று என்கிறார்.

நான் அண்ணனின் தலைக்கு மேலே பார்த்தேன். சுவரில் ஒரு அட்டை. 3.

பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். 5. அதற்கடுத்து 7. நாலையும் ஆறையும் எதிர் வரிசையில் போட்டிருந்தார்கள். ஐந்தில் ஒரு சீன அங்கிள், நெஞ்சின்மேல் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழில் சின்ன வயதில் ஒரு மலாய் டீச்சர், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள்.

அண்ணன் பக்கம் குனிந்தேன்.

"அண்ணே, நீங்க போன்ல கேம் எதாச்சும் விளையாடுவீங்களா?"

"விளையாடுவேன். இப்ப இல்ல." வலது கையால் போனைத் தூக்கிக் காட்டினார். "ஒரு கை இப்படிக் கட்டிப்போட்ட மாதிரி. இந்தக் கையிலயே போனையும் பிடிச்சி, இந்தக் கட்டை விரலாலயே அமுக்கணும். அந்த ஆமை ஒண்ணுதான் எங்களுக்குத் தோதா இருந்துச்சி. மெதுவா யோசிச்சி, ஒரு அமுக்கு அமுக்கிட்டு இருக்கலாம். நான்தான் எல்லாருக்கும் கத்துக்கொடுத்தேன். அதோ அந்த டீச்சர் வந்த புதுசுல நாள் பூரா அழும். ஆமை வந்தப்புறம் சிரிக்க ஆரம்பிச்சிச்சி."

நாங்கள் பேசுவது தமிழ் என்றாலும் ஐந்தாம் நாற்காலி அங்கிளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "கூரா-கூரா டா மாத்தி லா."

ஆமை செத்துப்போச்சு என்கிறார்.

"அதனாலயா நீங்க வராம இருக்கீங்க?" என்று கேட்டேன்.

அண்ணன் மெஷின் பக்கம் திரும்பினார். "யாரோ கம்பெனிக்கு லெட்டர் போட்டாங்களாம். நானும் படிச்சேன். நல்லா எழுதியிருந்திச்சி." பிறகு மனப்பாடமாகச் சொன்னார். "சும்மா உட்கார்ந்திருப்பவருக்குப் பரிசு கொடுப்பது, விளையாட்டுதானா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"மூணு புள்ளி வெச்சி எழுதியிருந்திச்சி. உன் பக்கத்த வாரா வாரம் படிக்கிறவன் நான், வசந்தி. எனக்குத் தெரியாதா?"

"அண்ணே, நீங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சில்லி பாடி பிரிக்ஃபீல்ட்ஸ்னு பேரு வெச்சிக்கிட்டு, தோத்த உடனே மூஞ்சி செவந்த பொம்மைய அனுப்புறது வேற யாரு?"

சில்லி பாடி... ஊசி மிளகாய். குள்ளமாக, காரமாக இருக்கிறேன் என்று சின்ன வயதில் அண்ணன் எனக்கு வைத்த பெயர் அது. கேமில் பெயர் கேட்டபோது யோசிக்காமல் அதையே போட்டிருந்தேன்.

"நீ எங்க இங்க வரப்போற? வேலை, எழுத்து... ஆனா காலையில மெஷின் போட்டதும் நீ கேம்ல வருவ. நான் உன்னையே தேடி விளையாடுவேன். வாரத்துல ரெண்டு மூணு நாள் தங்கச்சி கூட இருந்த மாதிரி இருந்திச்சி. அப்புறம் அதுவும் போச்சி. வந்து உக்காந்தா ரத்தம் ஓடுற ட்யூபைத்தான் பாக்கணும். ஒரு நாள் போகலன்னா என்னன்னு தோண ஆரம்பிச்சிருச்சி."

கத்துவதற்காகப் போனவள் நான். அந்த மாடியில் அத்தனை பேர் நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். டீச்சர் சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவளுக்கு நான் யாரென்று தெரியாது. தெரிந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.

"இன்னொண்ணு" என்றார் அண்ணன். "எறும்பு கார்டு ரெண்டு வெச்சிருந்தா ஆமை எழுந்திருக்கவே முடியாது. நீ ஏன் அத எடுக்கவே இல்ல?"

எறும்பா? அது சொத்தை கார்டு என்று நான் தொட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து கம்பெனிக்கு எழுதினேன். நான் எழுதியது தப்பு, ஆமையைத் திருப்பிக் கொடுங்கள், நேரத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று. மரியாதையாகப் பதில் வந்தது. விளையாடுகிறவர்கள் பலரும் கேட்டுத்தான் மாற்றினார்களாம். பலரும் திரும்பக் கேட்டால் பரிசீலிப்பார்களாம். குழுவில் கேட்டேன். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. 'மெதுவாக விளையாடுகிறவர்களையும் நினைக்க வேண்டும்' என்று மட்டும் மழுப்பினேன். உடனே யாரோ என் பழைய கடிதத்தை எடுத்து என் முகத்திலேயே ஒட்டினார்கள். 'அக்கா, நீங்களே சொல்லிட்டீங்களே. அவர்களுக்கு எதற்கு இவ்வளவு நேரம்?'

என் எழுத்து இவ்வளவு நன்றாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். அண்ணனைக் கூட்டிக்கொண்டு மறுபடி அந்த மாடிக்குப் போனேன். வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தார் என்று அண்ணி சொன்னார்.

ஊசி குத்தியதும் அவருடைய போனை நான் வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்துச் சொல்வார், நான் அமுக்குவேன். ஆமைக்கு மூன்று கார்டு வேண்டுமென்றால் மூன்று. அதுதான் என் மின்னல் விரல் இருக்கிறதே. டீச்சரின் போனையும் இடையிடையே வாங்கி அமுக்கிக் கொடுத்தேன். அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்துப் போனை மறுபடி நீட்டினாள்.

பதினொரு மணிவாக்கில் எதிரே வந்து மாட்டினான் ஹரீஷ். அவன் கோட்டையைத் தரைமட்டமாக்கினோம். அடுத்த நிமிஷமே என் போனில் குழுவின் செய்தி.

'அக்கா, கெருசி 3 திரும்ப வந்துடுச்சி. இப்ப பேய் ஸ்பீடு. மனுஷனால முடியாது. கண்டிப்பா பாட்தான். நீங்க இன்னொரு லெட்டர் எழுதுங்க லா.'

அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். குலுங்கிச் சிரித்ததில் கை அசைந்து மெஷின் கத்தியது. மிஸ்ஸி ஓடி வந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டினார்.

குழுவில் அங்கேயே பதில் போட்டேன். மூன்று புள்ளி வைக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை.

'அது என் அண்ணன். அவரால் ஒரு கைதான் அசைக்க முடியும். இன்னொரு கை நான்.'